ஒரு அரைப்புள்ளியும் முப்பது வருஷக் கதையும்



ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஒவ்வொரு தடவையும் வெக்கப்பட்டுத் தள்ளிப்போட்ட பதிவு இது. ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கேன்னு இன்னிக்கு உக்காந்துட்டேன். சர்வர், கான்ஃபிக், டேஷ்போர்டுன்னு சொன்னதும் "இது பொட்டி தட்டுறவன் சமாச்சாரம்"னு ஓடிடாதீங்க. இதுல கொஞ்சம் சரித்திரம் இருக்கு. கூடவே நான் செஞ்ச ஒரு தப்பும் இருக்கு.

முதல்ல தப்பைச் சொல்லிடறேன்.

2018. அப்ப நான் வேலை பாத்த எடத்துல (பேர் வேண்டாமே) சர்வர்களைக் கண்காணிக்க கிராஃபனான்னு ஒரு டேஷ்போர்டு மென்பொருளை நான்தான் நிறுவினேன். டேஷ்போர்டுன்னா பெருசா ஒண்ணுமில்ல. கார்ல ஸ்டியரிங்குக்குப் பின்னாடி பெட்ரோல் முள்ளு, வேக முள்ளுன்னு இருக்குமே, அதேதான் சர்வருக்கு. டிஸ்க் எவ்வளவு நெறஞ்சிருக்கு, மெமரி எவ்வளவு போகுதுன்னு கோடு கோடா திரையில ஓடும். அளவு மீறினா மெயில் போகும். மெயில்ல ஒரு லிங்க் இருக்கும். தட்டினா நேரா அந்த கிராஃப்புக்குப் போயிடலாம்.

அந்த லிங்க்ல என்ன முகவரி வரணுங்கறதை கான்ஃபிக் கோப்புல 'டொமைன்'ங்கற வரி முடிவு பண்ணும். நான் அந்த வரியில எங்க சர்வர் பேரை ஒழுங்காத்தான் போட்டேன். ஆனா வரிக்கு முன்னாடி இருந்த அரைப்புள்ளியை எடுக்கலை. அரைப்புள்ளியில ஆரம்பிக்கிற வரி வெறும் குறிப்பு. மென்பொருள் அதைப் படிக்கவே படிக்காது. அதனால அது பிறக்கும்போதே வெச்சிருந்த முகவரியையே புடிச்சுக்கிச்சு: லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 3000. லோக்கல்ஹோஸ்ட்ன்னா 'இதே கம்ப்யூட்டர்'னு அர்த்தம். யார் தட்டினாலும் அவங்கவங்க கம்ப்யூட்டருக்கே போகும்.

சோதிச்சுப் பாக்கலையாய்யான்னு கேப்பீங்க. பாத்தேனே! லிங்க் ஜோரா வேலை செஞ்சுது. ஏன்னா என் லேப்டாப்போட 3000-ம் போர்ட்லேருந்து சர்வரோட 3000-ம் போர்ட்டுக்கு ஒரு எஸ்எஸ்ஹெச் சுரங்கம் போட்டு வெச்சிருந்தேன். நிறுவுற வேலைக்காகப் போட்டது, அப்படியே விட்டுட்டேன். உலகத்துலயே அந்த லிங்க் வேலை செஞ்ச ஒரே லேப்டாப் என்னோடது.

ரெண்டு வாரம் போச்சு. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு டேட்டாபேஸ் சர்வர்ல டிஸ்க் நெறைய ஆரம்பிச்சுது. நைட் ஷிஃப்ட்ல இருந்த பையன் வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம்கூட ஆகலை. மெயில் வந்துது, லிங்க்கைத் தட்டினான், 'இணைப்பு மறுக்கப்பட்டது'ன்னு வந்துது. கண்காணிக்கிற சர்வரே படுத்துடுச்சுன்னு நெனச்சு, பாவம், அதை எழுப்பப் போயிட்டான். முக்கால் மணி நேரம். அதுக்குள்ள டிஸ்க் நெறஞ்சு டேட்டாபேஸ் நின்னே போச்சு.

காலையில மீட்டிங்ல அவனுக்குத்தான் அர்ச்சனை. "லிங்க் வேலை செய்யல சார்"னு ரெண்டு தடவை சொன்னான். யாரும் காதுல வாங்கலை. நான் இன்னும் ஒரு படி மேல போய், "எனக்கு வேலை செய்யுதே"ன்னு லேப்டாப்பைத் தொறந்து எல்லார் முன்னாடியும் தட்டிக் காட்டினேன்.

அந்தக் காட்சிதான் இன்னிக்கும் உறுத்துது. மீதியைக் கடைசியில சொல்றேன்.

அப்புறமா யோசிச்சப்ப ஒரு கேள்வி வந்துது. ஒரு மென்பொருள் வாங்கும்போதே அதுல இருக்குற அமைப்பு, அதான் டிஃபால்ட், அதை யார் முடிவு பண்றாங்க? யாரை மனசுல வெச்சு? இந்த டேஷ்போர்டு வம்சத்தையே கொஞ்சம் தோண்டிப் பாத்தேன். வாங்க, கொசுவத்தியைச் சுத்துவோம்.

லெஸ்டர், 1994

இங்கிலாந்துல லெஸ்டர் நகரத்துல டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம். ஆயிரத்துக்கும் மேல கம்ப்யூட்டர்கள். வெளி உலகத்துக்கு இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். இன்னிக்கு ஒரு போன்ல ஓடுறதுல துளிகூட இல்ல, அதை அத்தனை பேரும் பங்கு போட்டுக்கணும். அங்க வேலை பாத்த டோபியாஸ் ஓட்டிக்கர்ங்கற சுவிஸ்காரர், லைன் எவ்வளவு நெறஞ்சிருக்குன்னு எல்லாரும் வலைப்பக்கத்துல பாத்துக்கட்டும்னு பெர்ல் மொழியில ஒரு நிரல் எழுதினார். அதுதான் எம்ஆர்டிஜி. 1995 வசந்தத்துல இணையத்துல வெளியிட்டார். டேவ் ராண்ட்ங்கறவர் சேர்ந்து, மெதுவா ஓடின பகுதியை சி மொழியில எழுதி வேகமாக்கினார். பச்சையா நெறஞ்ச ஒரு பரப்பு, அதுக்கு மேல ஒரு நீலக் கோடு. பழைய நெட்வொர்க் ஆசாமிங்களுக்கு அந்தப் படம் இப்பவும் கண்ணுக்குள்ளயே நிக்கும்.

வேலை எளிமை. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து, ரவுட்டர்கிட்ட "இதுவரைக்கும் எத்தனை பைட் போச்சு?"ன்னு கேக்கும். பதிலைக் கோடா வரைஞ்சு, படத்தை ஒரு டைரக்டரியில வெச்சுட்டுத் தூங்கிடும். லாகின் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. வலைப்பக்கத்தை யார் வேணா பாக்கலாம்.

அதோட கான்ஃபிக் கோப்புல ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, ரவுட்டரைக் கேள்வி கேக்க ஒரு ரகசிய வார்த்தை வேணும். பல கருவிகள் தொழிற்சாலையிலேருந்தே 'பப்ளிக்'ங்கற வார்த்தையோட வரும். ரகசிய வார்த்தையே 'பொது'! :-) மாத்தணும்னு எல்லாருக்கும் தெரியும். மாத்தாம விட்டவங்கதான் அதிகம்.

ரெண்டாவது, 'மேக்ஸ்பைட்ஸ்'னு ஒரு வரி. லைன்ல ஒரு வினாடிக்கு அதிகபட்சம் எத்தனை பைட் போகும்ங்கறதை அதுல எழுதணும். 64 கிலோபிட்னா 8,000. அதைவிடப் பெரிய எண் வந்தா, ஏதோ கணக்குப் பிசகுன்னு எம்ஆர்டிஜி அதைத் தூக்கிப் போட்டுடும். இப்ப லைனைப் பெருசாக்கறீங்க, இந்த வரியை மாத்த மறந்துடறீங்கன்னு வைங்க. உச்ச நெரிசல் நேரத்துல கிராஃப்ல அந்த நெரிசல் வராது. எப்ப பாக்கணுமோ அப்பதான் கண்ணு அவிஞ்சு போகும்.

1999-ல ஓட்டிக்கரே இதோட சேமிப்புப் பகுதியைத் தனியாப் பிரிச்சு, திருத்தி எழுதி ஆர்ஆர்டிடூல்னு வெளியிட்டார். வட்டமா சுத்துற கோப்பு. இடம் தீர்ந்தா பழசு மேலயே எழுதும், அளவு கூடவே கூடாது. ஆனா எத்தனை நாள் வெச்சுக்கணும், எவ்வளவு நுணுக்கமாங்கறதை கோப்பு உருவாக்கும்போதே சொல்லிடணும். 2001-ல வந்த கேக்டை இந்த எழவையெல்லாம் வலைப்பக்கத்துலயே நிரப்புற மாதிரி பண்ணுச்சு. அதுக்குள்ள ரொம்ப போக வேண்டாம், அடுத்த ஊருக்குப் போவோம்.

சிகாகோ, 2006

ஆர்பிட்ஸ்னு ஒரு பயணச்சீட்டு விக்கிற நிறுவனம். அங்க இருந்த கிறிஸ் டேவிஸ் 2006-ல தொடங்கினது கிராஃபைட். 2008-ல ஆர்பிட்ஸ் அதைத் திறந்த மூலமா வெளியிட அனுமதிச்சுது. இதோட அழகு என்னன்னா, பேர், எண், நேரம்னு ஒரே ஒரு வரியை 2003-ம் போர்ட்டுக்கு அனுப்பினா போதும், கிராஃப் ரெடி. முன்கூட்டி எதையும் பதிவு பண்ண வேண்டாம். நெட்வொர்க்காரங்க கையில இருந்த கிராஃப் நிரல் எழுதுறவங்க கைக்கு வந்தது இதாலதான். எத்தனை பேர் லாகின் பண்ணாங்க, எத்தனை ஆர்டர் வந்துதுன்னு எல்லாத்தையும் வரைஞ்சு தள்ளினாங்க.

ஆனா அதோட செட்டிங் கோப்புகள் இருக்கே... அப்பப்பா!

எவ்வளவு நாள் தரவு இருக்கணுங்கறதுக்கு ஒரு கோப்பு. மாதிரியாக் கூடவே வர்ற கோப்புல என்ன எழுதியிருக்கும் தெரியுமா? நிமிஷத்துக்கு ஒரு புள்ளி, ஒரு நாளைக்கு மட்டும். அதை அப்படியே நகல் எடுத்து வெச்சுட்டுப் போனா, போன வாரம் என்ன நடந்துதுன்னு பாக்க ஆசைப்படற அன்னிக்குத்தான் தரவே இல்லைன்னு தெரியும். சரின்னு கோப்பைத் திருத்தி ஒரு வருஷம்னு போட்டா? ஏற்கனவே உருவான தரவுக் கோப்புகள் மாறாது. ஒவ்வொண்ணையும் தனியா ஒரு கருவி வெச்சு நீட்டணும்.

இன்னொண்ணு. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை புதுத் தரவுக் கோப்பு உருவாக்கலாம்ங்கறதுக்கு டிஃபால்ட் 50. டிஸ்க் திணறக் கூடாதேன்னு வெச்ச பாதுகாப்பு. ஆனா புதுசா 5,000 அளவீடுகளைச் சேர்த்தா எல்லாம் கோப்பாகி முடிய 100 நிமிஷம் ஆகும். விஷயம் தெரியாதவன் அந்த நேரத்துல தலையைப் பிச்சுக்குவான்.

எனக்குப் புடிச்ச உதாரணம் நேர மண்டலம். கிராஃபைட்டோட வலைப்பகுதி ஜாங்கோங்கற பைத்தான் சட்டகத்துல எழுதினது. ஜாங்கோ பொறந்தது அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துல லாரன்ஸ்ங்கற ஊர்ல, ஒரு பத்திரிகை ஆபீஸ்ல. அந்த ஊர் கடிகாரம் சிகாகோ நேரத்துல ஓடும். அதனால ஜாங்கோவுல நேர மண்டலத்துக்கு டிஃபால்ட் 'அமெரிக்கா/சிகாகோ'. கிராஃபைட்லயும் அதே.

விளைவு? நம்ம ஊர்ல ஒருத்தர் கிராஃபைட் நிறுவி அந்த வரியைத் தொடாம விட்டா, காலையில பத்து மணிக்கு ஆபீஸ் திறந்ததும் ஏற்ற நெரிசல் கிராஃப்ல முந்தின நாள் ராத்திரி பத்தரை மணிக்குத் தெரியும் (குளிர்காலக் கணக்கு. கோடையில அவங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வெச்சா பதினொண்ணரை). கிராஃப் தள்ளித் தெரிஞ்சா இந்த வரியைப் பாருங்கன்னு ஆவணத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. அப்படின்னா எத்தனை பேர் கேட்டிருப்பாங்கன்னு பாத்துக்குங்க. லாரன்ஸ்ல உக்காந்து எழுதினவர் மேல தப்பே இல்ல. அவர் சுவத்துக் கடிகாரத்தைப் பாத்து எழுதினார். அவ்வளவுதான்.

ஸ்டாக்ஹோம், 2013

கிராஃபைட்டோட திரை கண்ணுக்கு அவ்வளவு லட்சணமா இருக்காது. ஸ்டாக்ஹோம்ல ஈபேயில வேலை பாத்த டோர்க்கெல் ஓடெகார்ட், கூட வேலை செய்றவங்க கிராஃபைட்ல வினா எழுதத் திணறுறதைப் பாத்தார். அப்ப எலாஸ்டிக்சர்ச் தரவைக் காட்ட கிபானா 3-னு ஒரு திறந்த மூலக் கருவி இருந்துது. அதோட நிரலை எடுத்து, கிராஃபைட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தினார். 2013 டிசம்பர்ல தொடங்கினது, 2014 ஜனவரியில வெளியே வந்துது. அதான் கிராஃபனா.

முதல் கிராஃபனாவுக்கு சர்வர்னே ஒண்ணு கிடையாது. மொத்தமும் பிரவுசர்ல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட். ஏதாவது ஒரு வலை சர்வர்ல கோப்புகளைக் கொட்டிட்டு, கான்ஃபிக்.ஜேஎஸ்ங்கற ஒரே கோப்புல தரவு எங்க இருக்குன்னு முகவரி எழுதினா முடிஞ்சுது. ஆனா அந்தக் கோப்பு பாக்குற ஒவ்வொருத்தர் பிரவுசருக்கும் இறங்கும். இன்ஃப்ளக்ஸ்டிபி மாதிரி டேட்டாபேஸ் வெச்சிருந்தா அதோட பயனர் பேரும் பாஸ்வேர்டும் அதுக்குள்ளேயே இருக்கும். யாரு வேணா தொறந்து படிக்கலாம்!

2015 ஏப்ரல்ல வந்த 2.0 பதிப்புதான் திருப்பம். கோ மொழியில எழுதின சொந்த சர்வர். லாகின், பயனர்கள், அவங்களுக்கான உரிமைகள். தரவு கேக்குற வேலையை சர்வரே செய்யும், பாஸ்வேர்டு பிரவுசருக்குப் போகாது. இந்த மாற்றத்தோடதான் நம்ம கதாநாயகன், அந்த ஐஎன்ஐ கோப்பு, உள்ளே வர்றார். வின்டோஸ் 3.1 காலத்துல வின்.ஐஎன்ஐ, சிஸ்டம்.ஐஎன்ஐ நோண்டினவங்களுக்குப் பழகின முகம்தான். சதுர அடைப்புக்குறிக்குள்ள தலைப்பு, கீழே பேர், சமக்குறி, மதிப்பு. குறிப்புக்கு அரைப்புள்ளி.

கோப்பு ரெண்டு. டிஃபால்ட்ஸ்.ஐஎன்ஐ தயாரிச்சவங்களோடது, மேம்படுத்தும்போது மாறிடும், தொடக் கூடாது. இன்னொண்ணு நம்மளோடது. லினக்ஸ் பொதியா நிறுவினா அதுல எல்லா வரியும் முன்கூட்டியே எழுதியிருக்கும், ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி அரைப்புள்ளியோட. வேணுங்கற வரியில அரைப்புள்ளியை எடுத்துட்டு மதிப்பை மாத்தணும். நல்ல ஏற்பாடு. கண்ணு தெரியுறவனுக்கு. :-(

டிஃபால்ட் என்னென்ன? போர்ட் 3000. டொமைன் லோக்கல்ஹோஸ்ட். பயனர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. பாத்தாலே புரியுது இல்லையா? இது, சொந்த லேப்டாப்புல அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பாத்து "அட, நல்லாருக்கே"ன்னு சொல்லப் போறவருக்காக வெச்சது. அவருக்கு இதுல ஒரு குறையும் இல்ல. அதே கோப்பு சர்வருக்குப் போகும்போதுதான் வில்லங்கம்.

2016 கடைசியில 4.0 வந்துது. எச்சரிக்கை அனுப்புற வசதி அதுலதான் சேர்ந்துது. அதுவரைக்கும் டொமைன் வரி தப்பா இருந்தாலும் பல எடத்துல ஒண்ணும் தெரியாது. மெயில் போக ஆரம்பிச்ச பிறகு, திரைக்கு முன்னாடி இல்லாத ஒருத்தரை அந்த வரிதான் கூட்டிட்டு வரணும்னு ஆச்சு.

அதுக்கப்புறம் வந்த செட்டிங்குகளைப் பாத்தா ஒவ்வொண்ணும் யாரோ பட்ட அடி. 2019-ல வேற வலைப்பக்கத்துக்குள்ள டேஷ்போர்டைப் பதிக்கிறதை டிஃபால்ட்டாவே தடை பண்ணாங்க. பதிச்ச பக்கத்தை வெச்சு ஏமாத்திக் க்ளிக் பண்ண வைக்கிற தந்திரத்துக்குப் பயந்து. அதே வருஷம், எஞ்சின்எக்ஸுக்குப் பின்னாடி ஒரு துணைப் பாதையில ஓட்டுறவங்களுக்காகத் தனி வரி ஒண்ணு வந்துது. அதுவரைக்கும் எழுதி எழுதிக் கை ஒடிஞ்சது நமக்குத்தான் தெரியும். 2022 பிப்ரவரியில பாதுகாப்பை இறுக்கினாங்க. இடையில இருக்குற எஞ்சின்எக்ஸ் அசல் ஹோஸ்ட் பேரை அனுப்பாத எடத்துலயெல்லாம் மேம்படுத்தின மறுநாள் லாகினே ஆகலை.

பெரிய அடி 2021 டிசம்பர்ல. 8.0 முதல் 8.3.0 வரைக்குமான பதிப்புகள்ல ஒரு ஓட்டை. லாகின் இல்லாமலே, முகவரியில கொஞ்சம் புள்ளியும் கோடும் சேர்த்து சர்வர்ல இருக்குற கோப்புகளைப் படிக்க முடிஞ்சுது. கான்ஃபிக் கோப்பு, கிராஃபனாவோட சொந்த டேட்டாபேஸ் உட்பட. டேட்டாபேஸ்ல பாஸ்வேர்டுகள் பூட்டித்தானே இருக்கும்னு கேப்பீங்க. இருக்கும். ஆனா பூட்டுக்கான சாவி கான்ஃபிக் கோப்புல இன்னொரு வரி. மாத்தாதவங்களுக்கெல்லாம் அது டிஃபால்ட்ஸ் கோப்புல ஊரறிய அச்சடிச்ச ஒரே சாவி. 1994-ல 'பப்ளிக்', 2021-லயும் அதே கதைதான். ஓட்டையை அடைச்சது அவங்க பொறுப்பு, உடனே அடைச்சாங்க. சாவியை மாத்தாதது நம்ம பொறுப்பு.

மீதிக் கதை

மூணாவது நாள் என் லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ண வேண்டியிருந்துது. சுரங்கம் அறுந்துது. ஏதோ ஒரு எச்சரிக்கை மெயில் வந்து லிங்க்கைத் தட்டினேன். 'இணைப்பு மறுக்கப்பட்டது'. அடிவயிறு கலங்கிடுச்சு. கோப்பைத் தொறந்தேன். அரைப்புள்ளி சும்மா உக்காந்திருந்துது.

ஒத்துக்கறேன், உடனே போய்ச் சொல்லலை. முதல்ல அரைப்புள்ளியை அழிச்சேன், கிராஃபனாவை ரீஸ்டார்ட் பண்ணேன், காபி குடிச்சேன். யாருக்கும் தெரியப் போறதில்லங்கற நெனப்பு வந்துது, பொய் சொல்லலை. ராத்திரி வீட்ல தங்கமணிகிட்ட சொன்னப்ப அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "அந்தப் பையனுக்கு இது தெரியுமா?"

மறுநாள் அதே மீட்டிங்ல, அதே ஆளுங்க முன்னாடி அரைப்புள்ளிக் கதையைச் சொன்னேன். மேலாளர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. பையன் சிரிச்சுட்டான். வெளிய வந்ததும், "அண்ணே, நான் நிஜமாவே எனக்குத்தான் தெரியலையோன்னு நெனச்சேன்"னான். மூணு நாளா அப்படி நெனச்சுக்கிட்டு இருந்திருக்கான். திட்டு வாங்கினதைவிட அதுதான் அவனுக்குப் பெருசா இருந்திருக்கு.

'எனக்கு வேலை செய்யுதே'ங்கற வார்த்தையை அன்னியோட விட்டுட்டேன். லெஸ்டர்க்காரர் லைன், லாரன்ஸ்காரர் கடிகாரம், என் லேப்டாப்பு சுரங்கம்... எல்லாமே அவனவன் மேசையில சரிதான். இன்னொருத்தன் மேசையில அது என்ன ஆகும்னு பாக்கத்தானே அந்தக் கோப்பையே குடுத்திருக்காங்க.

டேஷ்போர்டு நிறுவப் போறவங்களுக்கு நாலே வரி: டொமைனும் முழு முகவரியும் மாத்துங்க, அரைப்புள்ளியை எடுங்க. அட்மின் பாஸ்வேர்டையும் ரகசியச் சாவியையும் முதல் நாளே, தரவு இணைப்பு எதையும் சேர்க்கறதுக்கு முன்னாடியே மாத்துங்க. நேர மண்டலம் பாருங்க. சோதனை மெயிலை அடுத்தவர் மெஷின்லேருந்து தட்டச் சொல்லுங்க, முடிஞ்சா நைட் ஷிஃப்ட் ஆளை.

டிஸ்கி: அந்தப் பையன் இப்ப வேற எடத்துல பெரிய பொறுப்புல இருக்கான். தீபாவளிக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்புவான். கடைசியில மறக்காம ஒரு அரைப்புள்ளி இருக்கும். ;-)